விட்டு விட்டு வரும் இணையம்

ரூட்டரின் சுவிட்சை அணைக்காதீர்கள். பத்து நிமிடம் பொறுங்கள்.

நெட் நின்றதும் எல்லோருடைய கையும் அந்த சுவிட்சுக்குத்தான் போகிறது. அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போட்டால் பெரும்பாலும் வந்துவிடும். நாளைக்கு மறுபடி போகும். அணைத்துப் போட்டதில் கோளாறு சரியாகியிருக்காது, தடயம்தான் அழிந்துபோயிருக்கும். அந்த நிமிடத்தில் லேப்டாப் எந்த முகவரியை வைத்திருந்தது, ரூட்டர் பதில் சொன்னதா, ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்ததா என்பதெல்லாம் ஒரு சுவிட்சோடு போச்சு. டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் காய்ச்சல் விட்டுவிடுகிற குழந்தையைப் போலத்தான் இந்தக் கோளாறும். கெட்டுக் கிடக்கும்போதே பார்த்தால்தான் பிடிபடும்.

வீடு, கடை, சின்ன அலுவலகம் ஆகியவற்றை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒரு இணைப்பு, ஒரு ரூட்டர், நாலைந்து கணினி, ஒரு பிரிண்டர், பத்து கைபேசி. லேப்டாப்பில் ஓடுவது விண்டோஸ் 10 அல்லது 11.

முதலில் ஒரு தாள்

ரூட்டருக்குப் பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வையுங்கள். நெட் போன மணி, வந்த மணி, அப்போது லேப்டாப் எந்த அறையில் இருந்தது, சார்ஜர் செருகியிருந்ததா, மற்றவர்களுக்கும் போனதா என்று குறித்து வாருங்கள். மூன்று நாள் போதும். வாடிக்கையாளர்கள் இதைச் செய்யச் சொன்னால் சிரிப்பார்கள். நான் தீர்த்த கோளாறுகளில் பாதிக்கு மேல் அந்தத் தாள்தான் தீர்த்தது.

சார்ஜரைப் பிடுங்கியபோது மட்டும் போகிறதா? மின்சாரத்தை மிச்சம் பிடிக்க லேப்டாப்பே வைஃபையை அணைக்கிறது. மழை நாளில் மட்டுமா? வெளியே எங்கோ ஒரு இணைப்பில் தண்ணீர் இறங்குகிறது. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் ஒவ்வொரு முறையுமா? அந்தக் கண நேர வெட்டில் ரூட்டர் தானாக அணைந்து எழுகிறது. இன்வெர்ட்டரின் பின்பக்கம் யு.பி.எஸ். நிலைக்கு மாற்றும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ரூட்டருக்கென்று விற்கும் சின்ன யு.பி.எஸ். ஒன்று வாங்கிச் செருகிவிடுங்கள்.

மற்றவர்களுக்கும் போனதா என்று கைபேசியில் பார்க்கும்போது மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். வைஃபையில் நெட் இல்லையென்றால் கைபேசி சத்தமில்லாமல் சிம்முக்குத் தாவிவிடும். “போன்ல நல்லா வருதே, லேப்டாப்தான் போச்சு” என்று சொல்லி நல்ல லேப்டாப்பைக் கடைக்குத் தூக்கி வந்தவர்கள் எத்தனையோ பேர்.

இரண்டு கறுப்பு ஜன்னல்

லேப்டாப்பிலிருந்து வெளியுலகம் வரை வழியில் இரண்டு துண்டு. லேப்டாப்பிலிருந்து ரூட்டர் வரை ஒன்று, ரூட்டரிலிருந்து வெளியே இன்னொன்று. எந்தத் துண்டு அறுகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் எதை மாற்றினாலும் அது குருட்டாம்போக்கு.

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்பு ஜன்னல் வரும். அதில் ‘ஐபிகான்ஃபிக்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் தட்டி என்டர் அழுத்துங்கள். ‘டிஃபால்ட் கேட்வே’ என்ற வரிக்கு நேரே இருக்கும் எண்தான் உங்கள் ரூட்டரின் முகவரி. பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். அதற்கு மேலேயே லேப்டாப்பின் சொந்த முகவரியும் இருக்கும். இரண்டையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் இது பெரிய சாட்சியாகப் போகிறது.

இனி, ‘பிங்’ என்று ஆங்கிலத்தில் தட்டி, ஒரு இடைவெளி விட்டு ரூட்டர் முகவரி, மறுபடி ஒரு இடைவெளி, பிறகு ஒரு சிறு கோடும் அதை ஒட்டி ‘டி’ என்ற ஆங்கில எழுத்தும். நொடிக்கு ஒருமுறை ரூட்டரைக் கூப்பிட்டு, பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று அது எழுதிக்கொண்டே போகும். இன்னொரு கறுப்பு ஜன்னல் திறந்து இதையே 8.8.8.8 என்ற முகவரிக்கும் ஓடவிடுங்கள். அது கூகுள் பொதுவில் வைத்திருக்கும் டிஎன்எஸ் முகவரி. இரண்டு ஜன்னலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். (பிங் 1983 டிசம்பரில் மைக் மியூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சின்ன நிரல். நீர்மூழ்கிக் கப்பல்களின் சோனார் எழுப்பும் ஒலியிலிருந்து அந்தப் பெயரை எடுத்தார். இன்னும் அதை மிஞ்சிய கருவி என் பையில் இல்லை.)

நெட் நின்றதும் ஜன்னல்களைப் பாருங்கள். இரண்டும் நின்றிருந்தால் லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் நடுவே கோளாறு, அல்லது ரூட்டரே அணைந்து எழுகிறது. ரூட்டர் ஒழுங்காகப் பதில் சொல்ல, 8.8.8.8 மட்டும் நின்றிருந்தால் ரூட்டரிலோ அதற்கு வெளியிலோ கோளாறு. இரண்டுமே ஓடுகின்றன, ஆனால் பக்கம் திறக்கவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் படுத்துகிறது. வைஃபை அமைப்பில் டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று கையால் எழுதிவிட்டால் அநேகமாகத் தீரும். அப்படியும் ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று ஒவ்வொரு தளமும் மிரட்டினால் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய லேப்டாப்பில் உள்ளே இருக்கும் காசு வடிவ பேட்டரி செத்துப்போனால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். நெட்டுக்கு ஒரு குறையும் இருக்காது.

பதில் வராதபோது ஜன்னல் என்ன சொல்கிறது என்பதையும் படியுங்கள். ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்றால் கேள்வி போனது, பதில் வரவில்லை. ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று உங்கள் சொந்த முகவரியிலிருந்தே பதில் வந்தால், லேப்டாப் தன் தெருவிலேயே ரூட்டரைத் தேடிக் காணவில்லை. ‘ஜெனரல் ஃபெயிலியர்’ என்றால் லேப்டாப் வாசலையே தாண்டவில்லை. அதன் வைஃபை அந்த நொடியில் இணைப்பிலேயே இல்லை.

எண்களையும் கவனிக்க வேண்டும். கேபிளில் ரூட்டரின் பதில் 1 மில்லிசெகண்டுக்குள் வரும். நல்ல வைஃபையில் ஒற்றை இலக்கத்தில் இருக்கும். 3, 4, 3 என்று வந்துகொண்டிருப்பது திடீரென்று 400, 900 என்று குதித்தால், நெட் போகாவிட்டாலும் காற்றில் நெரிசல் என்று பொருள்.

லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் நடுவே

இந்தத் துண்டில் சந்தேகம் விழுந்தால், ஒரு லேன் கேபிளை எடுத்து லேப்டாப்பை நேராக ரூட்டரில் செருகி ஒரு நாள் ஓட்டுங்கள். லேன் துளை இல்லாத மெல்லிய லேப்டாப் என்றால் யு.எஸ்.பி.யில் செருகும் லேன் அடாப்டர் கிடைக்கிறது. கேபிளில் ஒருமுறை கூட அறுகவில்லையென்றால் குற்றவாளி வைஃபை.

ரூட்டர் இரண்டு அலைவரிசையில் பேசுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் துளைத்து தூரம் போகும், ஆனால் சந்தைக்கடை. பக்கத்து வீட்டு ரூட்டர்கள், புளூடூத் இயர்போன், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான் கத்துகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அமைதியான தெரு, ஆனால் ஒரு கான்கிரீட் சுவர், ஒரு இரும்பு பீரோ வந்தாலே தளர்ந்துவிடும். ரூட்டர் இருக்கும் அறையிலேயே வேலை செய்கிறவர் 5-ஐப் பிடியுங்கள். 2.4-இல்தான் இருந்தாக வேண்டும் என்றால் சேனலை ஆட்டோவில் விடாமல் 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றை ரூட்டரில் நீங்களே தேர்ந்தெடுங்கள். சேனல்களுக்கு நடுவே இருப்பது 5 மெகாஹெர்ட்ஸ்தான், ஒரு இணைப்புக்கு வேண்டிய அகலமோ 20. அதனால் அந்த மூன்று மட்டுமே ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நிற்கும். பக்கத்து வீட்டார் 6-இல் இருக்கிறார் என்று நீங்கள் 4-க்குப் போனால் அவர் பேச்சும் கெடும், உங்கள் பேச்சும் கெடும்.

பலருக்கும் தெரியாத ஒன்று: யு.எஸ்.பி. 3.0 கருவிகள் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலைக் கசியவிடுகின்றன. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகி பேக்கப் ஓட்டும்போது மட்டும் நெட் திணறினால், டிஸ்க்கை இன்னும் நீளமான கேபிளில் தள்ளி வையுங்கள். அல்லது 5-க்கு மாறுங்கள்.

அடுத்து மின்சேமிப்பு. டிவைஸ் மேனேஜரில் ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ என்பதன் கீழ் வைஃபை அட்டையின் பெயரை இருமுறை தட்டி, ‘பவர் மேனேஜ்மென்ட்’ தாவலுக்குப் போங்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்று கணினிக்கு அனுமதி தரும் வரிக்கு முன்னால் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். சில புதிய லேப்டாப்களில் இந்தத் தாவலே இருக்காது, தேடிக் களைத்துப் போகாதீர்கள். அங்கே லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து வைஃபை டிரைவரைப் புதிதாகப் போடுவதுதான் வழி. விண்டோஸ் அப்டேட்டுக்கு மறுநாளிலிருந்து தொல்லை என்றால் அதே ஜன்னலில் ‘டிரைவர்’ தாவலில் ‘ரோல் பேக்’ பொத்தானைப் பயன்படுத்தி முந்தைய டிரைவருக்கே திரும்பலாம்.

ரூட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் பறக்கிறது, அடுத்த அறைக்குப் போனால் செத்துவிடுகிறது, அதே இடத்தில் மற்ற எல்லாக் கருவிகளுக்கும் நன்றாக வருகிறது. இப்படி இருந்தால் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “சமீபத்துல இந்த லேப்டாப்பை யாராவது பிரிச்சாங்களா?” வைஃபை ஆன்டெனா லேப்டாப்பின் திரையைச் சுற்றி இருக்கிறது. அங்கிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் கீல் வழியாக இறங்கி, உள்ளே வைஃபை அட்டையில் கடுகளவு பித்தளைத் தலைகளாக மாட்டிக்கொள்கின்றன. கீல் மாற்றியவர், பேட்டரி மாற்றியவர், தூசி துடைத்தவர் என்று யார் கை பட்டாலும் ஒன்று கழன்றுவிடலாம். கழன்றாலும் பக்கத்தில் வேலை செய்யும், அதனால்தான் கடையில் சோதிக்கும்போது தெரிவதில்லை. திரையைச் சாய்க்கும் கோணத்தை மாற்றினால் சிக்னல் கோடு கூடிக் குறைகிறதா என்று பாருங்கள். கூடிக் குறைந்தால் கம்பி கீலில் நைந்திருக்கிறது. நீங்களே பிரிக்க வேண்டாம். ஆனால் பிரிப்பவரிடம் எதைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

கேபிளிலேயே தொல்லை என்றால் பெரும்பாலும் முனைதான். உள்ளே எட்டு கம்பிகள், நான்கு ஜோடி. 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். கிகாபிட் ரூட்டரில் செருகியும் வேகம் 100 என்றே காட்டினால் ஒரு ஜோடி தொடவில்லை. முனையை வெட்டிவிட்டுப் புதிதாக கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை.

மாடியில் ஒரு பழைய ரூட்டர்

இதற்கு மட்டும் தனி இடம் தருகிறேன். சின்ன நெட்வொர்க்கில் ஆளை அதிகம் சுற்றவிடும் கோளாறு இது.

கீழே வரி ஆலோசகர் அலுவலகம், மேலே அவர் வீடு. ஒரே இணைப்பு. அலுவலகத்தில் டாலி ஓடும் மூன்று டெஸ்க்டாப், ஒரு லேப்டாப். லேப்டாப்பில் மட்டும் நெட் போய்ப் போய் வருகிறது. மூன்று முறை போனேன். மூன்று முறையும் காலையில் போனதால் பளிச்சென்று ஓடியது. “தம்பி, நீங்க இருந்தா ஓடுது, நீங்க படி இறங்கினா நின்னுடுது. பேசாம இங்கயே ஒரு நாற்காலி போட்டுடறேன்” என்றார் ஆலோசகர். நான்காவது முறை கூப்பிட்டபோது மாதத்தின் 20-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள், மாலை ஆறு மணி. அவர் சிரிக்கவில்லை.

தாளை வாங்கிப் பார்த்தேன். எல்லாக் குறிப்பும் மாலை நாலரைக்குப் பிறகு. ‘ஐபிகான்ஃபிக்’ கொடுத்தால் கேட்வே 192.168.0.1 என்றது. முன்பு காலையில் வந்தபோது நான் குறித்து வைத்திருந்ததோ 192.168.1.1.

“சார், மாடியில ரூட்டர் ஏதாவது இருக்கா?”

“பழசு ஒண்ணு பையன் ரூம்ல இருக்கு. சிக்னல் பத்தலைன்னு கீழேயிருந்து ஒரு வயர் இழுத்து அவனே மாட்டிக்கிட்டான். ஸ்கூல்லேர்ந்து வந்தா போடுவான், காலையில ஆஃப் பண்ணிடுவான்.”

நடந்தது இதுதான். நெட்வொர்க்குக்குள் வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி தர வேண்டும். அதைத் தருவது ரூட்டருக்குள் இருக்கும் டிஹெச்சிபி என்ற பகுதி. ஒரு வீட்டில் ஒருவர்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். பையன் கீழேயிருந்து வந்த வயரைப் பழைய ரூட்டரின் லேன் துளையில் செருகியதும் முகவரி தருபவர்கள் இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். லேப்டாப் மூடித் திறக்கும்போதெல்லாம் முகவரி கேட்டுக் குரல் கொடுக்கும், முதலில் பதில் சொன்னவர் தந்ததை வாங்கிக்கொள்ளும். பழைய ரூட்டர் முந்திக்கொண்டால், “வெளியே போக நான்தான் வாசல்” என்று தன் முகவரியையே கேட்வேயாகக் கொடுத்துவிடும். அதன் பின்னால் வாசலே கிடையாது. அணைத்துப் போட்டால் மறுபடி ஒரு சீட்டுக்குலுக்கல், பாதி முறை சரியான சீட்டு விழும். ‘ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது’ என்ற நம்பிக்கை பிறந்தது அப்படித்தான். டெஸ்க்டாப்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? டாலிக்காக அவற்றுக்கு நிலையான முகவரி போட்டிருந்தேன், அவை யாரிடமும் கேட்பதில்லை. பையன் கைபேசியில் எப்படிப் பார்த்தான் என்று கேட்காதீர்கள். அவனுக்கும் சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை, அவன் யாரிடமும் சொல்லவில்லை.

பழைய ரூட்டரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. வெளி இணைப்பு எதுவும் இல்லாமல் அதைத் தனியாக லேப்டாப்பில் செருகி, அதன் அமைப்புப் பக்கத்தைத் திறங்கள். ‘ஆக்சஸ் பாயின்ட்’ நிலை என்று ஒன்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. இல்லாவிட்டால் இரண்டு மாற்றம். முதலில் அதன் சொந்த முகவரியை 192.168.1.2 போல, முதன்மை ரூட்டரின் வரிசையில், அது பிறருக்குப் பகிரும் எண்களுக்குள் வராத ஒன்றாக மாற்றுங்கள். புதிய முகவரியில் மறுபடி உள்ளே போய், பிறகு டிஹெச்சிபி-யை அணையுங்கள். இந்த வரிசை முக்கியம். முதலிலேயே டிஹெச்சிபி-யை அணைத்துவிட்டால் அந்தப் பக்கத்துக்குத் திரும்ப லேப்டாப்புக்குக் கையால் முகவரி எழுத வேண்டிவரும். பிறகு கீழேயிருந்து வரும் வயரை லேன் துளையிலேயே செருகுங்கள், வான் துளையில் வேண்டாம். வான் துளையில் செருகினாலும் நெட் வரும், ஆனால் மாடி தனி நெட்வொர்க்காகிவிடும், கீழே இருப்பவர்கள் மாடியில் உள்ள பிரிண்டரைக் காண முடியாது.

முகவரியே சொல்லும் இன்னொரு செய்தியும் உண்டு. உங்கள் லேப்டாப்பின் முகவரி 169.254 என்று தொடங்கினால் யாரும் அதற்கு முகவரி தரவில்லை, கேட்டு அலுத்துத் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. ரூட்டரின் டிஹெச்சிபி நின்றிருக்கும், அல்லது பகிர வைத்திருக்கும் எண்கள் தீர்ந்திருக்கும்.

வாசலுக்கு வெளியே

ரூட்டர் பதில் சொல்கிறது, 8.8.8.8 சொல்லவில்லை. சேவை நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன் இரண்டு விஷயம்.

ஒன்று, ரூட்டரின் அடாப்டர். கறுப்பாக ஒரு கட்டி, பெரும்பாலும் 12 வோல்ட். நாலைந்து வருடம் இரவும் பகலும் சூடாகிக் கிடந்து தளர்ந்துபோகும். நாலு பேர் ஒரே நேரத்தில் வீடியோ பார்த்தால் ரூட்டர் தானாக அணைந்து எழும், அப்போது ரூட்டர் ஜன்னலும் சற்று நிற்கும். எல்லா விளக்கும் ஒரு கணம் அணைந்து வருகிறதா என்று பாருங்கள். புதிய அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது.

இரண்டு, வீட்டுக்குள்ளேயே யாரோ மேலே ஏற்றிக்கொண்டிருக்கலாம். கல்யாணத்துக்குப் போய் வந்தவரின் கைபேசி வைஃபையைப் பிடித்ததும் ஆயிரம் படங்களை மேகத்துக்கு ஏற்ற ஆரம்பிக்கும். ஏற்றும் பாதை அடைபட்டால் இறக்குவதும் திணறும், ஏனென்றால் ‘கிடைத்தது, அடுத்ததை அனுப்பு’ என்ற சின்னச் சின்னப் பதில்களும் அதே பாதையில்தான் போக வேண்டும். அப்போது 8.8.8.8 ஜன்னலில் பதில் நிற்காது, 20 மில்லிசெகண்ட் 700 ஆகும். கைபேசிகளின் வைஃபையை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், எண் சட்டென்று இறங்கும் இடத்தில் ஆள் அகப்படுவார்.

சில தளங்கள் மட்டும் பாதியில் நின்று, மற்றவை நன்றாகத் திறந்தால், ஒரு பொட்டலத்தில் எவ்வளவு தரவு போகலாம் என்று சொல்லும் எம்டியூ என்ற அளவு பொருந்தவில்லை என்று சந்தேகிக்கலாம். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு இணையும் பிபிபிஓஇ இணைப்புகளில் ரூட்டரில் அது 1492 என்று இருக்க வேண்டும், 1500 அல்ல. அலுவலக விபிஎன் போட்டால் மட்டும் தொல்லை என்பவர்களும் இதைப் பார்க்கலாம்.

இதெல்லாம் இல்லையென்றால் ஃபைபர் பெட்டியின் விளக்குகள். ‘பான்’ என்ற விளக்கு பச்சையாக நிலைத்து நிற்க வேண்டும். ‘லாஸ்’ சிவப்பாகத் துடித்தால் ஒளி உள்ளே வரவில்லை, உங்கள் லேப்டாப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. புகார் கொடுக்கும்போது “நெட் ஸ்லோ” என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்லுக்கு ஒரே பதில்தான் உண்டு: “ஆன்-ஆஃப் பண்ணிப் பாருங்க சார்.” “நேற்று மாலை 6:10 முதல் 6:40 வரை லாஸ் சிவப்பு, இன்று காலை 9:05-க்கு மறுபடி” என்று தாளைப் பார்த்துச் சொல்லுங்கள். லைன்மேன் வந்தால் பவர் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லி, அது காட்டும் எண்ணை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். மைனஸ் 20 சுற்றி இருந்தால் நிம்மதி. பல பெட்டிகள் மைனஸ் 27 டிபிஎம் வரைதான் தாங்கும். இந்த எண்ணில் 3 இறங்கினால் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. மைனஸ் 27-இல் நிற்கும் இணைப்புதான் குளிர்ந்த இரவில் ஓடி, வெயிலில் போகும், மழையில் போகும்.

அவர் கம்பத்தில் ஏறுமுன் பீரோவின் பின்பக்கத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள். ஃபைபருக்குள் இருப்பது கண்ணாடி இழை, விரலைச் சுற்றியது போல் இறுக மடிந்தால் ஒளி அந்த வளைவிலேயே வெளியே கசிந்துவிடும். ஒரு வீட்டில் மூன்று வாரம் தேடியும் கிடைக்காத கோளாறு, வெள்ளையடித்த பிறகு பீரோவைச் சுவரோடு அழுத்தித் தள்ளியதில் இருந்தது. பீரோவை நாலு விரற்கடை முன்னால் இழுத்தோம், சிவப்பு விளக்கு அணைந்தது.